கல்லூரி ஆசிரியப் பணி: வழியும் வகையும்

முன்னுரை

ஆண்டுதோறும் முதுகலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்த ஓரிரு வாரங்களில் மாணவர் சிலர் நம் துறைக்கு வருவர். சான்றிதழ் உறையைக் கையில் ஏந்தி, வாயிலருகே சற்றுத் தயங்கி நின்று, "ஐயா, கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்பது என் விருப்பம், இனி என்ன செய்யவேண்டும்?" என்று வினவுவர். வினா நல்ல வினாவே. ஆயினும், அதிலுள்ள 'இனி' என்னும் ஒரு சொல் நம்மை வருத்துகிறது. இளங்கலை இரண்டாம் ஆண்டில் எழுந்திருக்க வேண்டிய வினா, மூன்றாண்டுகள் பிந்தி எழுகின்றது. அந்த மூன்றாண்டுகளை ஈடுசெய்யப் பின்னர் ஆறேழு ஆண்டுகளைச் செலவிட்டோரை நாம் கண்டிருக்கிறோம்.

கல்லூரி ஆசிரியப் பணிக்குச் செல்லும் வழியில் வாயில்கள் பல. அவற்றுள் சில நம் கையால் திறக்கக்கூடியவை. சில, பிறர் திறக்கும்போது மட்டுமே திறப்பவை. நம் கையில் உள்ளவற்றை உரிய காலத்தில் முடித்து வைத்துக்கொண்டு, நம் கையில் இல்லாதவற்றிற்காக வாழ்வைத் தேக்கி வைக்காமல் காத்திருக்கக் கற்பதே இவ்வழியைத் திட்டமிடுதல் ஆகும். இக்கருத்தைத் தமிழ் பயிலும் மாணவரை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பதவியும் படிநிலையும்

'விரிவுரையாளர்' என்று நாம் வழங்கிவரும் பதவி, ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டி வந்த சீரமைப்பிற்குப்பின் 'உதவிப் பேராசிரியர்' என்று பெயர் மாறியது. அதற்கு மேல் இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்னும் படிகள் அமைந்துள்ளன. ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். முனைவர் பட்டத்தோடு பணியில் சேர்ந்தவர் நான்கு ஆண்டுகளில் அடுத்த ஊதிய நிலைக்கு உரியவராகிறார். வெறும் முதுகலையோடு சேர்ந்தவர்க்கு ஆறு ஆண்டுகள் ஆகும்.

இவ்வூதியம் அரசுக் கல்லூரிகளிலும், அரசு உதவிபெறும் கல்லூரிகளின் ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்களிலும், பல்கலைக்கழகங்களிலும் மட்டுமே உறுதி. சுயநிதிப் பிரிவுகளில் பணியாற்றுவோரும், அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களும் இதே பாடத்தை இதே வகுப்பறையில் நடத்தினும், பெறுவது இதனினும் மிகக் குறைவே. இவ்வேறுபாட்டை மாணவரும் பெற்றோரும் தொடக்கத்திலேயே அறிந்திருத்தல் நன்று. அறியாமல் வருபவர் பின்னர் மனம் உடைகின்றனர்.

அடித்தளம்: ஐந்தாண்டுக் கல்வி

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், உதவிப் பேராசிரியர் பதவிக்கு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணை அடிப்படைத் தகுதியாக வகுத்தன. சில பிரிவினர்க்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. எனினும், தளர்வை நம்பிப் படிப்பது ஆற்றின் ஆழம் அறியாது இறங்குவது போன்றது. ஓர் அறிவிக்கையில் உள்ள சலுகை மற்றொன்றில் அவ்வாறே இருக்கும் என்பதற்கில்லை. ஆதலின் 55ஐக் கடப்பதையே குறைந்த எல்லையாகக் கொள்ளல் வேண்டும்.

பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. இளங்கலை மதிப்பெண்ணும் இப்பதவிக்குக் கணக்கில் வரும். நேர்காணலுக்கு அழைப்பதற்கென அவ்விதிமுறைகளில் தரப்பட்ட மதிப்பீட்டு அட்டவணையில், கல்லூரிப் பணிக்கு இளங்கலையில் 80 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றவர்க்கு 21 புள்ளிகள். 55க்குக் குறைந்தவர்க்கு 10 புள்ளிகள். முனைவர் பட்டம் முழுவதற்கும் அதே அட்டவணை தரும் புள்ளிகள் 25. பதினெட்டு வயதில் அசட்டையாக எழுதிய தேர்வு முப்பது வயதில் எதிரே வந்து நிற்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மதிப்பெண்ணோடு மூலநூற் பயிற்சியும் இன்றியமையாதது. சங்க இலக்கியத்தை வினாவிடைக் கையேட்டில் மட்டுமே கண்டவர், வகுப்பில் ஒரு மாணவர் எழுப்பும் முதல் ஐயத்திலேயே தடுமாறுவர். நாள்தோறும் ஒரு பாடலை உரையோடு படித்து, பொருளைத் தம் சொற்களில் ஒரு பக்கம் எழுதி வைப்பவர், முதுகலை முடிக்கையில் ஆயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதியிருப்பர். அதுவே அவருடைய தேர்வுக் குறிப்பு; பின்னாளில் அதுவே அவருடைய விரிவுரைக் குறிப்பு.

தகுதித் தேர்வு

தேசியத் தகுதித் தேர்வாகிய 'நெட்' 1989 முதல் நடைபெற்று வருகிறது. தொடக்கத்தில் மானியக் குழுவே நடத்திய இத்தேர்வை 2018 டிசம்பர் முதல் தேசியத் தேர்வு முகமை நடத்துகின்றது. இரு தாள்கள்; மூன்று மணி நேரம். முதல் தாளில் 50 வினாக்களுக்கு 100 மதிப்பெண். இரண்டாம் தாளில் 100 வினாக்களுக்கு 200 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. இறுதியாண்டு முதுகலை மாணவரும் இத்தேர்வை எழுதலாம். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு கிடையாது. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கு உண்டு. அது பொதுப் பிரிவினர்க்கு 30 வயது. மகளிர்க்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கும் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு.

இவ்விடத்தில் நம் துறையின் அனுபவம் ஒன்றைக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் வகுப்பில் முதல்வராகத் திகழ்ந்தார். அகநானூற்றுப் பாடல்களைத் தடையின்றிச் சொல்வார். அவர் சொல்லும்போது வகுப்பே அமைதி கொள்ளும். விழா மேடைகளில் அவரைப் பாடச் செய்து நாமும் மகிழ்ந்தோம். முதல் முறை நெட் எழுதியபோது தமிழ்த் தாளில் மிக நல்ல மதிப்பெண் பெற்றார். ஆயினும் தேர்ச்சி பெறவில்லை. காரணம் முதல் தாள். அத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைவது. கற்பிக்கும் திறன், ஆய்வுத் திறன், தருக்கம், விழுக்காட்டுக் கணக்கு, புள்ளிவிவர அட்டவணை, கணினி, சுற்றுச்சூழல், உயர்கல்வி அமைப்பு எனப் பத்து அலகுகளில் வினாக்கள் வரும். அவர் அவற்றை அதற்கு முன் கண்டதேயில்லை. நான்காம் முயற்சியில்தான் வென்றார். அதற்குள் ஈராண்டுகள் கழிந்திருந்தன. அப்பிழை அவருடையதன்று, அவர் பாடக் கேட்டு மகிழ்ந்த நாம், முதல் தாளைப் பற்றி ஒருநாளும் அவரிடம் சொல்லாதிருந்தோம்.

ஆதலின் தமிழ் மாணவர்க்கு நாம் வலியுறுத்துவது இது: முதுகலை முதலாண்டிலிருந்தே நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் முதல் தாளுக்கு ஒதுக்குக. பள்ளிக் கணக்கை மீண்டும் எடுத்துப் படிக்க வெட்க வேண்டியதில்லை. ஆங்கில நாளிதழின் ஒரு கட்டுரையை நாள்தோறும் படித்து அதன் கருத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தல், கருத்தறியும் பகுதிக்கு மிகுதியும் துணைசெய்யும்.

மற்றொரு சிறு செய்தியும் உண்டு. சிறிதாயினும் பலரை வீழ்த்தியது அது. மாநில அரசுப் பயன்பாட்டிற்கான சாதிச் சான்று வேறு. நெட் போன்ற மத்திய அரசுத் தேர்வுகள் கோரும் இதர பிற்படுத்தப்பட்டோர் சான்று வேறு. பின்னது மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவைச் சேராதவர் என்னும் உறுதியோடு அமைதல் வேண்டும். விண்ணப்ப அறிவிப்பு வந்தபின் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு ஓடுவோர், தகுதியிருந்தும் சலுகையை இழக்கின்றனர்.

மாநிலத் தகுதித் தேர்வாகிய 'செட்' தேர்ச்சி அந்தந்த மாநிலத்திற்குள் செல்லும். தமிழ்நாட்டில் 2018 மார்ச்சில் நடைபெற்ற அத்தேர்வு, அதன்பின் 2025 மார்ச்சில்தான் மீண்டும் நடைபெற்றது. ஏழாண்டுகள் இடைவெளி! 'செட்' ஒன்றையே நம்பியிருந்தோரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். 2024 ஜூன் 18 அன்று நடைபெற்ற நெட் தேர்வும் மறுநாளே ரத்து செய்யப்பட்டு, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் மீண்டும் நடத்தப்பட்டது. தேர்வு நாள் நம் கையில் இல்லை. ஆயத்தம் மட்டுமே நம் கையில் உள்ளது.

ஆய்வுப் பட்டம்

முன்பு முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் இடையே ஆய்வியல் நிறைஞர் என்னும் எம்.ஃபில். பட்டம் ஒரு படியாக இருந்தது. மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் அதனை நீக்கின. ஆகவே ஆய்வுப் பயிற்சிக்கென இருந்த அந்த ஓராண்டு இன்று இல்லை. முதுகலையில் எழுதும் திட்டக் கட்டுரையே அப்பயிற்சியாக அமைதல் வேண்டும்.

முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்த காலம் மூன்றாண்டுகள். மிகுந்த காலம் ஆறாண்டுகள். மகளிர்க்கு மேலும் ஈராண்டுகள் நீட்டிப்புப் பெற வழியுண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கென 240 நாள் விடுப்பும் விதிகளில் இடம்பெற்றுள்ளது. திருமணத்தோடு படிப்பு முடிந்தது என்று எண்ணும் பெண்மக்களும் அவர்தம் குடும்பத்தாரும் இவ்விதிகளை அறிதல் வேண்டும். 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் குறைந்த தகுதியாக அறிவிக்கப்பட்டு, முனைவர் பட்டம் கட்டாயம் என்னும் நிலை கைவிடப்பட்டது. அதனால் ஆய்வு வேண்டாவென்று கருதுதல் பிழை. பதவி உயர்விற்கும் நெறியாளர் ஆவதற்கும் அப்பட்டமே வழி.

நெறியாளரைத் தேர்தல் மிகுந்த கவனத்திற்குரியது. பேராசிரியர் ஒருவர் எண்மரையும், இணைப் பேராசிரியர் அறுவரையும், உதவிப் பேராசிரியர் நால்வரையும் மட்டுமே ஒரு நேரத்தில் வழிநடத்தலாம். எனவே இடம் உள்ள நெறியாளரை நாடுதல் இயல்பே. ஆயினும் இடம் இருக்கிறது என்பதற்காக மட்டும் சேராமல், அவர்தம் மாணவர் எத்தனை ஆண்டுகளில் ஆய்வை முடித்தனர், எத்துறையில் முடித்தனர் என்பவற்றை வினவியறிந்து சேர்தல் நன்று.

தலைப்பைத் தேர்ந்தெடுப்பதில் ம.மு. உவைஸ் அவர்களின் வாழ்வு நமக்குப் பாடமாகும். இலங்கையில் பிறந்த அவர், பலரும் நடந்த பாதையை விடுத்து, முஸ்லிம் புலவர்கள் தமிழுக்கு ஆற்றிய பணியைத் தம் முதுகலை ஆய்வுப்பொருளாகக் கொண்டார். அவ்வாய்வு 1953இல் நூலாக வெளிவந்தது. முனைவர் பட்ட ஆய்விலும் அத்துறையையே ஆழ உழுதார். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கென இருக்கை நிறுவியபோது, அதன் முதல் பேராசிரியராக அமரும் தகுதி அவர்க்கு இருந்தது. இருக்கை வரும் என்று கருதி அவர் ஆய்வு செய்யவில்லை. ஆய்வு முதிர்ந்திருந்தமையால் இருக்கை அவரைத் தேடி வந்தது. இதுவரை பலர் எழுதிய தலைப்பைச் சொல் மாற்றி எழுதுவோர் பட்டம் பெறலாம்; அறிஞர் ஆதல் அரிது. 'சோத்கங்கா' என்னும் ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் நம் தலைப்பில் முன்னர் எழுதப்பட்டவை எவை என்பதை இன்று வீட்டிலிருந்தே அறியலாம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், உ.வே.சா. நூலகம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், தஞ்சையில் சரசுவதி மகால் நூலகம் ஆகியவற்றுக்கு ஆய்வு தொடங்குமுன் ஒருமுறையேனும் சென்று வருதல் வேண்டும்.

கட்டுரை வெளியிடுவதிலும் விழிப்பு வேண்டும். தரமான இதழ்களுக்கென மானியக் குழு பேணிவந்த 'கேர்' பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. கட்டணம் பெற்றுக்கொண்டு ஒரே வாரத்தில் எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகியுள்ள நாளில், ஓர் இதழின் தரத்தை ஆய்வாளரே எடைபோட வேண்டியுள்ளது. ஆசிரியர் குழுவில் உள்ளோர் யார், முந்தைய இதழ்களில் எழுதியோர் யார் என்று பார்த்தாலே பெரும்பாலும் உண்மை விளங்கும்.

மூன்று வாயில்கள்

பணியிடம் பெறும் வழிகள் மூன்று. முதலாவது, அரசுக் கலை அறிவியல் கல்லூரிகள். இவற்றுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் ஆள் தெரிவு செய்கிறது. 2024 மார்ச்சில் 4,000 பணியிடங்களுக்கு அறிவிக்கை வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நடைபெறுவதாக இருந்த தேர்வு நடைபெறவில்லை. பின்னர் 2025இல் திருத்தப்பட்ட எண்ணிக்கையோடு புதிய அறிவிக்கை வந்தது. இடைப்பட்ட காலத்தில் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படித்தோர் பட்ட துன்பம் சிறிதன்று.

இரண்டாவது, அரசு உதவிபெறும் தனியார் கல்லூரிகள். 1951இல் தொடங்கப்பட்ட திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் இத்தகையன. ஒப்பளிக்கப்பட்ட பணியிடம் காலியாகும்போது கல்லூரி ஆட்சிக்குழு விளம்பரம் செய்து, தெரிவுக் குழுவின் வழி நியமித்து, அரசின் ஒப்புதலைப் பெறும். மூன்றாவது, பல்கலைக்கழகத் துறைகள். இவற்றில் இடம் குறைவு, போட்டி மிகுதி, ஆய்வுத் தகுதிக்கே முதலிடம்.

பணியிடத்திற்காகப் பணம் திரட்டும் எண்ணம் சில குடும்பங்களில் எழுவதை நாம் அறிவோம். நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் இடைத்தரகரிடம் கொடுத்து ஏமாந்தோர் கதைகள் நம் செவிக்கு எட்டாதவை அல்ல. கொடுத்துப் பெற்ற இருக்கையில் அமர்ந்தவர் அறத்துப்பாலை எந்நாவால் நடத்துவார்? அப்பணத்தின் சிறு பகுதியைக் கொண்டு மூன்றாண்டுகள் ஆய்வு செய்திருந்தால், எவரும் பறிக்க இயலாத தகுதி கைவந்திருக்கும்.

காத்திருக்கும் காலம்

தகுதிகள் அனைத்தும் நிறைந்தபின்னும் பணியிடம் உடனே கிட்டும் என்பதற்கில்லை. இக்காலத்தை எவ்வாறு கழிப்பது என்பதே திட்டத்தின் கடினமான பகுதி. பேராசிரியர் மு. வரதராசனார் வாழ்வை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். பள்ளிப் படிப்பு முடித்ததும் அவர் சேர்ந்த பணி, திருப்பத்தூர் வட்டாட்சியர் அலுவலக எழுத்தர் பணி. உடல்நலக் குறைவால் அதனை விட்டவர், தாமே பயின்று 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலிடம் பெற்றார். அடுத்த நான்காண்டுகள் திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். அப்போதே பி.ஓ.எல். பட்டத்தையும் முடித்தார். 1939இல் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளரானார். 1948இல் முனைவர் பட்டம் பெற்றார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். பள்ளி ஆசிரியப் பணியை அவர் தாழ்வாக எண்ணவில்லை. அதில் அமர்ந்தபடியே அடுத்த படிக்குத் தம்மை ஆயத்தம் செய்தார்.

நம் மாணவரும் முதுகலையோடு பி.எட். பட்டம் பெற்றுவைத்தால், மேனிலைப்பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கும் தகுதி பெறுவர். பதிப்பகம், மொழிபெயர்ப்பு, அகராதிப் பணி, இதழியல் ஆகியனவும் தமிழ் கற்றோர்க்கு உரியனவே. இவற்றுள் ஒன்றில் ஊன்றி நின்று, பகுதிநேர ஆய்வை மேற்கொள்வது இழுக்கன்று. ஊதியமின்றி ஆண்டுக்கணக்கில் காத்திருந்து மனம் நைவதே இழுக்கு.

ஊர்ப் பெரியோர்க்கு

இறுதியாக, இம்மலரைக் கையில் எடுக்கும் ஊர்ப் பெரியோர்க்கும் புரவலர்க்கும் ஒரு விண்ணப்பம். சிறுபான்மை மாணவர்களின் ஆய்வுக்கு மத்திய அரசு வழங்கிவந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை, 2022–23 முதல் நிறுத்தப்பட்டது. நெட் வழியாக இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெறுவோர்க்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கின்றது. ஆனால் அதனைப் பெறுவோர் சிலரே. எஞ்சியோர் தம் கைப்பொருளைக் கொண்டே ஆய்வு செய்கின்றனர். மருத்துவம், பொறியியல் பயிலும் பிள்ளைகளுக்குக் கட்டணம் செலுத்த நம் கல்வி அறக்கட்டளைகள் மனமுவந்து முன்வருகின்றன. தமிழில் ஆய்வு செய்யும் மகளுக்கு நூலகமுள்ள நகரில் ஓராண்டு தங்கும் செலவை ஏற்கும் அறக்கட்டளை எத்தனை? ஆண்டுக்கு இருவரை ஏற்றாலும் போதும்; பத்தாண்டுகளில் இருபது ஆசிரியர்கள். அவர் ஒவ்வொருவரும் தம் பணிக்காலத்தில் ஆயிரக்கணக்கான மாணவரைக் காண்பர்.

முடிவுரை

தொகுத்துக் கூறின், இளங்கலையிலேயே மதிப்பெண்ணையும் மூலநூற் பயிற்சியையும் பேணுதல், முதுகலை முதலாண்டில் நெட் முதல் தாளைத் தொடங்குதல், இறுதியாண்டிலேயே தேர்வை எழுதுதல், சான்றுகளை முன்னரே பெற்றுவைத்தல், உழப்படாத நிலத்தில் ஆய்வுத் தலைப்பைத் தேர்தல், காத்திருக்கும் காலத்திற்கு ஒரு வாழ்வாதாரத்தை அமைத்தல் ஆகிய ஆறும் நம் கையில் உள்ளவை. அறிவிக்கையும் காலிப் பணியிடமும் நம் கையில் இல்லாதவை.

முன்னர்க் கூறிய அம்மாணவர் இன்று ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். சென்ற ஆண்டு நம்மைக் காண வந்தபோது, தம் இளங்கலை மாணவர்க்கு வாரந்தோறும் ஒரு மணி நேரம் முதல் தாள் வகுப்பைத் தாமே நடத்துவதாகக் கூறினார். நாம் சொல்லத் தவறியதை அவர் சொல்லி வருகிறார். நம் துறையிலும் வரும் பருவத்திலிருந்து அத்தகைய வகுப்பு, சனிக்கிழமைதோறும் இரண்டாம் ஆண்டு இளங்கலை மாணவர்க்குத் தொடங்கப்பெறும். 'இனி என்ன செய்யவேண்டும்' என்னும் வினாவோடு வருவோர் அவ்வகுப்பிற்கு வருக.